எஃகை அமிலம் அரியாமல் காத்தல்

கல்வராயன் மலையடிவாரத்துக் கரும்பு வட்டாரத்தில் வாழும் நமக்கு மூங்கில்துறைப்பட்டும் கச்சிராயபாளையமும் புதிய பெயர்கள் அல்ல. கள்ளக்குறிச்சிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்த ஊர்கள் அவை. பொதுவாகச் சர்க்கரை ஆலைகளில் சாற்றைச் சுண்டவைக்கும் ஆவியாக்கிகளின் உட்புறத்தில் சுண்ணாம்பு உப்புகள் பொருக்காகப் படியும். பொருக்கு தடித்தால் வெப்பம் சாற்றைச் சேராது. ஆகவே காரச் சோடாவால் அதனை இளக்குவர். அதற்கும் அசையாததை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கரைப்பதும் உண்டு.

இங்கேதான் இடர். பொருக்கு நீங்கிய இடத்தில் அமிலம் எஃகையே அரிக்கத் தொடங்கும். இரும்பு கரையக் கரைய ஹைட்ரஜன் வாயு எழும். (துரு என்பது காற்றும் நீரும் சேர்ந்து விளைப்பது, அதனையும் இதனையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.)

இதனைத் தடுக்கவே அமிலத்தில் பரப்புச் செயலி எனும் பொருளைச் சிறிதளவு கலக்கின்றனர். சோப்பும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இதன் மூலக்கூறில் நீரை நாடும் தலையும் நீரை வெறுக்கும் நீண்ட வாலும் உண்டு. சலவைச் சோப்பு அமிலத்தில் திரிந்து பயனற்றுப்போகும்; ஆதலால் நேர்மின் தலை கொண்ட சீட்டைல் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு போன்றவற்றை ஆராய்ந்து பார்த்தனர். எஃகின் பரப்பில் குளோரைடு அயனிகள் முன்னரே ஒட்டியிருக்கும். அந்த எதிர்மின்னால் ஈர்க்கப்பட்டுத் தலைகள் படிய, வால்கள் வெளிநோக்கி நெருங்கி நின்று கூரை வேய்ந்ததுபோல் அமிலத்தை விலக்குகின்றன.

கூடுதலாகக் கொட்டினால் கூடுதல் காப்புக் கிடைக்குமா? கிடைக்காது. பரப்பு நிறைந்தபின் எஞ்சிய மூலக்கூறுகள் கரைசலிலேயே நுண்திரள்களாகக் கூடிவிடும். மேற்சொன்ன பொருளுக்குத் தூய நீரில் அந்த எல்லை லிட்டருக்கு ஏறத்தாழ 0.33 கிராம், அமிலத்தில் இன்னும் குறைவு. இத்தகைய அரிமான ஆய்வுகளுக்கு நம் மாநிலத்திலேயே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1953இல் திறக்கப்பட்ட நிலையம் அது. கூந்தல் அலசும் சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரைதரும் சபோனினும் ஒரு பரப்புச் செயலியே. பூந்திக்கொட்டைச் சாற்றையும் அறிஞர்கள் எஃகில் சோதித்துள்ளனர். எனினும் காய்க்குக் காய் அளவு மாறுவதால், ஆலைக்கு அதனை அப்படியே பரிந்துரைக்க நாம் துணியோம்.

வெப்பம் ஏறினால் இப்படலங்களுள் பல தளர்ந்துவிடும். அமிலக் கழுவலின் வெப்பநிலையும் நேரமும் கட்டுக்குள் இருத்தல் வேண்டும். தடுப்பான் கலந்தாலும் ஹைட்ரஜன் அறவே நிற்பதில்லை. கலத்தைத் திறந்து காற்றோடவிட்டு, நன்கு கழுவி, வாயு இல்லை எனச் சோதித்தறிந்த பின்னரே பற்றவைப்புப் பொறியோ பீடி நெருப்போ அதனருகே செல்லலாம்.