மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு முளை வேண்டும்

கறவை மாட்டை முளையில் கட்டாமல் எந்தக் குடியானவரும் இரவில் உறங்கப் போவதில்லை. கயிறு நைந்திருந்தால் மாற்றுகிறார். முளை ஆடினால் அடித்து இறுக்குகிறார். அதே வீட்டு வாசலில், ஏறக்குறைய ஒரு மாட்டின் விலை கொடுத்து வாங்கிய மொபெட்டோ மோட்டார் சைக்கிளோ எதிலும் கட்டப்படாமல் நிற்கிறது. கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பிப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் போதும் என்று எண்ணுபவர்களே மிகுதி.

விடியற்காலையில் பால் கேனைச் சுமப்பது இந்த வண்டிதான். தழைக்கட்டு, உர மூட்டை, சந்தைக்குக் காய்கறி, பள்ளிக்குப் பிள்ளைகள் என்று நாள் முழுவதும் உழைப்பதும் இதுவே. ஓர் இரவில் வண்டி போய்விட்டால் மறுநாள் பால் சங்கத்துக்குப் போய்ச் சேராது. வண்டி கடனில் வாங்கியதாக இருந்தால் மாதத் தவணை மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும்.

கிராமத்து வீடுகளில் வண்டிக்கென்று தனி அறை கிடையாது. திண்ணை ஓரம், மாட்டுக் கொட்டில், களத்து மேடு, மரத்தடி என்று கிடைத்த இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. அதில் தவறில்லை. நிறுத்தும் இடத்தில் வண்டியை எதனுடன் பிணைப்பது என்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

கைப்பிடிப் பூட்டு எவ்வளவு தாங்கும்?

கைப்பிடிப் பூட்டினுள் இருப்பது விரல் பருமன்கூட இல்லாத ஒரு சிறு ஆணிதான். பலங்கொண்ட மட்டும் கைப்பிடியைத் திருகினால் அது முறிந்துவிடும். பல ஆண்டுகள் ஓடிய வண்டிகளில் சாவித் துவாரம் தேய்ந்து, வேறு வண்டியின் சாவிக்கும் திறந்துகொள்வது உண்டு. அதன்பின் திருடன் எஞ்சினை இயக்க வேண்டியதில்லை. நியூட்ரலில் தள்ளிக்கொண்டே தெருமுனைவரை போய்விடலாம். மொபெட்டின் எடை சுமார் 85 முதல் 90 கிலோதான். இரண்டு பேர் சேர்ந்தால் சரக்கு ஆட்டோவில் தூக்கி வைத்துவிடுவார்கள். அப்போது கைப்பிடி பூட்டியிருந்தும் பயனில்லை. ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போகும் பழைய உபாயமும் இங்கே தோற்றுப்போகும்.

முளை அமைக்கும் முறை

ஆகவே தரையில் அசையாத ஒரு வளையம் வேண்டும். வண்டி நிற்குமிடத்தில், சுவரை ஒட்டி, ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுக்க வேண்டும். 16 மில்லி முறுக்குக் கம்பியில் நாலடித் துண்டு ஒன்றை வெல்டிங் பட்டறையில் கொடுத்து, மாட்டு லாடம் போல் வளைத்து, இரு கால்களின் நுனியையும் வெளிப்பக்கமாக மடக்கி வாங்கவும். இந்த மடக்கு இல்லாவிட்டால் கம்பியைக் கடப்பாரையால் நெம்பி உருவிவிடலாம். மேலே தெரியும் வளைவு சங்கிலி நுழையும் அளவுக்கு, இரண்டு அங்குலம் நின்றால் போதும். உயரமாக நிற்கும் கம்பி ரம்பத்துக்கு வசதி. இருட்டில் நடப்பவர் காலையும் தடுக்கும்.

சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, ஜல்லி நாலு பங்கு என்ற கலவையைப் போட்டுக் குத்திவிட வேண்டும். இதற்கு அரை மூட்டைக்குச் சற்று அதிகமாக, சுமார் 30 கிலோ சிமெண்ட் செலவாகும். இறுகிய பின் அந்தக் கட்டி ஏறக்குறைய 230 கிலோ எடை இருக்கும். ஈரச்சாக்கு போட்டு ஏழு நாட்களாவது தண்ணீர் காட்டுவது அவசியம். வீட்டில் வேறு கொத்து வேலை நடக்கும்போது சேர்த்துச் செய்துகொண்டால் தனிக் கூலி மிச்சம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் குழி எடுக்க முடியாது. அவர்கள் கூரையைத் தாங்கி நிற்கும் கல்தூணையோ, கான்கிரீட் தூணையோ சுற்றிப் பிணைக்கலாம். மரத்தூண் வேண்டாம், ரம்பம் போட்டால் சத்தமில்லாமல் அறுந்துவிடும். தூண் எதுவும் இல்லாத வீட்டில், அண்ணன் தம்பிகளின் இரண்டு வண்டிகளை எதிரும் புதிருமாக நிறுத்தி ஒரே சங்கிலியில் பிணைப்பது ஓரளவு உதவும். இரண்டையும் ஒன்றாகத் தள்ளிப் போவது எளிதல்ல.

சங்கிலி வாங்கும்போது

மாட்டுச் சங்கிலி இதற்கு உதவாது. நீண்ட கைப்பிடியுள்ள கம்பி வெட்டும் கத்தரியில் அது ஒரே நொடியில் அறும். பதப்படுத்திய எஃகில், கண்ணியின் கனம் 10 மில்லிக்குக் குறையாத சங்கிலியாகப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் ஒரு சிறு அரத்தால் கண்ணி ஒன்றைத் தேய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்: பதமான எஃகில் அரம் வழுக்கும், சாதாரண இரும்பில் கீறி இறங்கும். கடைக்காரர் முகம் சுளித்தால் அரத்தை அவரிடமே கொடுத்துத் தேய்க்கச் சொல்லலாம். பூட்டும் அதே தரத்தில், வளைவுக் கம்பி அதிகம் வெளியே தெரியாததாக இருப்பது நல்லது. சங்கிலி பெரிதாகவும் பூட்டு பெட்டிக்குப் போடுவதாகவும் இருந்தால் திருடன் பூட்டைத்தான் உடைப்பான்.

சங்கிலியை முன் சக்கரத்தில் மட்டும் கோத்தால், சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதைக் கொண்டுபோய்விட வழியுண்டு. வண்டியின் சட்டத்தில், அது முடியாவிட்டால் பின் சக்கரத்தில், கோக்க வேண்டும். சங்கிலி தரையில் கிடக்காமல் இழுத்துப் பூட்டப்பட வேண்டும். தரையில் தொய்ந்து கிடந்தால் கத்தரியின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மற்றதில் உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்த முடியும். பழைய சைக்கிள் டியூபை உறையாக மாட்டிவிட்டால் வண்டியின் வண்ணம் உரியாது.

பாட்டரியில் ஓடும் கிரைண்டர் வந்துவிட்ட பிறகு அறுக்க முடியாத சங்கிலி என்று எதுவும் இல்லை. ஆனால் அது கத்தாமல் அறுக்காது. சத்தம் கேட்டு வீட்டார் எழுந்து வரும்வரை தாக்குப்பிடிப்பதே சங்கிலியின் வேலை. எனவே படுக்கும் இடத்துக்குக் காது கேட்கும் தூரத்தில் வண்டி நிற்க வேண்டும். சக்கரத்தில் ஒரு மாட்டு மணியைக் கட்டி, வண்டியின் மேல் தார்ப்பாயைப் போர்த்திவிடுவதும் கெட்ட யோசனையல்ல. உள்ளே இருப்பது புது வண்டியா பழைய வண்டியா என்பது தெருவில் போகிறவனுக்குத் தெரியாமலிருப்பது நல்லது.

கொட்டிலிலும் வீட்டுக்குள்ளும்

மாட்டுக் கொட்டிலில் நிறுத்தினால் திருட்டுப் பயம் குறையும்; வேறு சேதம் வரும். மாட்டுச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஒயர் இணைப்புகளில் உள்ள செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பொட்டாஷ், யூரியா மூட்டைகளின் பக்கத்தில் நிறுத்தினாலும் துருதான். வைக்கோல் இருக்குமிடத்தில் எலி இருக்கும். எலி ஒயரைக் கடிக்கும். சூடு ஆறாத சைலன்சரை வைக்கோலை ஒட்டி நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நடையிலோ கூடத்திலோ ஏற்றி நிறுத்துபவர்கள், ஓரடி உயரப் படிக்கு ஐந்தடி நீளமாவது உள்ள சாய்பலகை வைத்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிப் போகும். அடுப்பும் சாமி விளக்கும் இருக்கும் அறையிலோ அதை ஒட்டியோ வண்டி வேண்டாம். எரிபொருள் குழாய் திறப்பு உள்ள பழைய வண்டியில் அதை மூடிவிட வேண்டும். பால் கேனும் தீவனமும் அந்த அறையில் இருக்கக் கூடாது. பால் பிற வாடையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் பொருள்.

மும்முனை மின்சாரம் இரவில் வரும்போது வயலுக்குப் போகிறவர்கள் வண்டியை வரப்போரம் விட்டுவிட்டு மடை திருப்பப் போகிறார்கள். மோட்டார் கொட்டகைச் சுவரை ஒட்டியும் ஒரு வளையம் பதித்துக்கொள்வது நல்லது. சாவியை வண்டியிலேயே விட்டுப் போகும் பழக்கம் கண்டிப்பாகக் கூடாது. வண்டி திருட்டுப் போனால் அதையே காரணம் காட்டி இன்ஷூரன்ஸ் பணத்தை மறுக்கவோ குறைக்கவோ இடமுண்டு.

இன்ஷூரன்ஸ் தாளைப் பிரித்துப் பாருங்கள்

இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இரு சக்கர வாகனம் வாங்கும்போதே ஐந்து ஆண்டுகளுக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் எடுப்பது கட்டாயமாயிற்று. தாளில் ஐந்து ஆண்டு என்று இருப்பதைக் கண்டு உரிமையாளர் நிம்மதியாக இருந்துவிடுகிறார். ஆனால் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் என்பது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கு மட்டுமே. திருட்டுக்குப் பணம் தருவது சொந்தச் சேதப் பகுதி. அது பெரும்பாலும் ஓராண்டுக்கே எடுக்கப்பட்டிருக்கும். இரண்டாம் ஆண்டு புதுப்பிக்காவிட்டால் திருட்டுக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. தாளில் இரண்டு தேதிகள் இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும். சொந்தச் சேதத்துக்கு மட்டும் தனியாக இன்ஷூரன்ஸ் எடுக்கவும் வசதி உண்டு.

கிடைக்கும் தொகை வாங்கிய விலை அல்ல. இரண்டு ஆண்டு கடந்து மூன்று ஆண்டுக்குள் உள்ள வண்டிக்கு 30 சதவிகிதம் தேய்மானம் கழிக்கப்படும். 80,000 ரூபாய் விலையுள்ள வண்டிக்கு 56,000 ரூபாய் என்று கொள்ளலாம். கடன் பாக்கி இருந்தால் முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகும்.

வண்டி காணாமற்போனால் அன்றே போலீசில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்க வேண்டும். மனு ரசீது மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கான பிரிவு 303. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே எழுதிவிட வேண்டும். போலீசில் உடனே புகார் செய்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகத் தெரிவித்ததை மட்டும் காரணமாக்கி மறுக்கக் கூடாது என்று 2020இல் ஒரு டிராக்டர் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனாலும் வழக்குக்கு அலைவதைவிட அன்றே ஒரு கடிதம் எழுதுவது மேல்.

கம்பெனியார் வண்டியின் இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஆகையால் உபரிச் சாவியை வண்டிப் பெட்டியில் போட்டு வைக்காமல் வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும். ஆர்.சி. புத்தகத்தின் மூலப் பிரதியும் வீட்டில்தான் இருக்க வேண்டும். அதைத் திருடன் கையில் கொடுப்பது விற்பதற்கு வழி காட்டுவதாகும். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தால் புகார் கொடுக்கும்போது தேட வேண்டியிருக்காது.