கொள்ளிடம் இல்லாத கங்கை

மாலையில் தெளிந்து ஓடிய களனி கங்கை, மறுநாட் காலையில் செந்நிறம் பூண்டு கரைபுரண்டு வருவதைக் கரவனெல்லையில் உள்ள நாம் மாரிகாலந்தோறும் காண்கிறோம். இவ்வளவு நீரும் கடலை அடைவதற்கு எத்தனை வழிகள் உண்டு?

பூகோள நூல்களில் துணையாறு, கிளையாறு என இரு சொற்கள் வருகின்றன. தாய் நதியில் வந்து கலப்பது துணையாறு. அதனின்றும் பிரிந்து செல்வது கிளையாறு. கிளையாற்றுக்குச் சிறந்த உதாரணம் கொள்ளிடம். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. திருவரங்கத் தீவை இடையிலே விட்டு, தென்கிளை காவிரி என்ற பெயரோடு செல்ல, வடகிளையாகிய கொள்ளிடம் வங்கக் கடலை நோக்கி விரைகின்றது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. அது காவிரி நீரைப் பெரும்பாலும் தன்பால் ஈர்த்துக்கொண்டமையால், 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் அங்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். இன்று பாசன நீர் தஞ்சை வயல்களுக்கும், மிகைவெள்ளம் கொள்ளிடத்துக்கும் செல்கின்றன.

களனிக்கு அத்தகைய வடிகால் இல்லை. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலிய ஓயாவும் கித்துல்கலைக்கு மேலே கூடி இந்நதியாகின்றன. யட்டியாந்தோட்டையில் வீ ஓயாவும், ருவன்வெல்லைப் பக்கத்தில் குருகொட ஓயாவும், அவிசாவளைப் பக்கத்தில் சீதாவக்கை ஓயாவும் வந்து சேர்கின்றன. சேர்வன பல, பிரிவது ஒன்றுமில்லை. ஏறக்குறைய 145 கிலோமீற்றர் ஓடி, மட்டக்குளிக்கு அருகே ஒரே முகத்தால் கடலை அடைகின்றது.

காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் தலையாறுகள் இரண்டையும் தேக்குவன உண்மையே. ஆனால் அவற்றுக்குக் கீழே பெய்யும் பெருமழை தடையின்றி ஆற்றில் இறங்குகின்றது. 1947ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் கொழும்பின் சுற்றுப்புறங்கள் வெள்ளத்தில் மூழ்கின. 2016 மே மாதத்து அதே மழையில், நமது கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கையில் மலை சரிந்து பல உயிர்கள் புதையுண்டன. மேலே சரியும் மண்ணும் கீழே ஏறும் வெள்ளமும் ஒரே மழையின் இரு முகங்களே.

சரிவுகளில் மரம் நின்றால் மழைநீர் மெல்ல இறங்கும். தோட்டத்துக் கான்கள் தூராமல் இருந்தால் மண் ஆற்றிற் சேராது. கான் வெட்டும் தொழிலாளியின் மண்வெட்டி தேயிலையையும் றப்பரையும் மட்டும் காப்பதில்லை. அம்பத்தளையில் இதே ஆற்றுநீரை எடுத்துப் பருகும் கொழும்பையும் காக்கின்றது. கிளையாறு இல்லாத களனிக்கு, வெள்ளத்தைக் கொள்ளும் இடம் நமது மலைச்சரிவேயாகும்.