தண்ணீர் லாரி பில்லில் இல்லாத கணக்கு!

2019 ஜூன் மாதத்தைச் சென்னைவாசிகள் அவ்வளவு எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. நான்கும் சேர்ந்து 11 டி.எம்.சி-க்கு மேல் கொள்ளக்கூடியவை. அப்போது அதில் ஒரு சதவிகிதம்கூட இல்லை. நாளொன்றுக்குச் சுமார் 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த குடிநீர் வாரியம், 52 கோடி லிட்டரைத் தாண்ட முடியாமல் தவித்தது. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது.

பிளாஸ்டிக் குடங்களோடு வரிசையில் நின்ற பெண்களின் படங்கள் உலகம் முழுக்கப் போயின. அந்தப் படங்களில் வராத இன்னொரு பக்கமும் இருந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் சில ஐ.டி. நிறுவனங்கள், 'வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்' என்று ஊழியர்களிடம் சொல்லின. கொரோனாவுக்கு ஒரு வருடம் முன்பே! பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லாமல் மதியச் சாப்பாட்டைக் குறைத்த ஹோட்டல்கள் உண்டு. ஹோட்டல் ஒரு வேளை மூடினால் முதலாளிக்கு நஷ்டம். அங்கே காய் நறுக்கும், பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு அன்றைய கூலியே போய்விடுகிறது.

இது திடீரென்று வந்த இடியா? இல்லை. 2018 வடகிழக்குப் பருவமழை சென்னையில் இயல்பில் பாதியைக்கூடத் தொடவில்லை. அது டிசம்பர் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. ஏரிகள் அடுத்து நிரம்ப அக்டோபர் வரவேண்டும் என்பதும் தெரியும். ஏரிகளின் நீர்மட்டத்தைக் குடிநீர் வாரியம் தன் இணையதளத்தில் தினமும் போட்டுக்கொண்டிருந்தது. பொங்கல் நேரத்தில் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருந்தால், ஜூனில் என்ன ஆகும் என்று ஒரு பத்தாம் வகுப்பு மாணவியே சொல்லியிருப்பாள். தகவல் இருந்தது. அதை, 'அப்படியென்றால் நம் கடை எத்தனை நாள் ஓடும்?' என்ற கேள்வியாக மாற்றியவர்கள்தான் மிகக் குறைவு.

ராத்திரி 2 மணி மீட்டர்

எந்தத் தொழில் செய்பவரிடமும் கேட்டுப் பாருங்கள். போன மாதம் கரன்ட் எத்தனை யூனிட் என்று உடனே சொல்வார். தண்ணீர் எத்தனை லிட்டர் என்றால், "டெய்லி ரெண்டு லாரி வருது" என்பார். லாரி என்பது ஓர் அளவு அல்ல. 9,000 லிட்டர் லாரியும் உண்டு, 12,000 உண்டு, 24,000 உண்டு. லாரி நிரம்பித்தான் வந்ததா என்பது தனிக் கேள்வி.

ஒரு நடுத்தர ஹோட்டலைக் கற்பனை செய்துகொள்வோம். தினமும் 12,000 லிட்டர் லாரி இரண்டு, ஆக 24,000 லிட்டர் செலவு. கீழே 30,000 லிட்டர் தொட்டி, மாடியில் 6,000 லிட்டர் டேங்க். எல்லாம் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தாலும் 36,000 லிட்டர்தான். அதாவது ஒன்றரை நாள். லட்சக்கணக்கில் செலவழித்து நடத்தும் தொழிலின் ஆயுள், லாரி வராத பட்சத்தில் ஒன்றரை நாள்! லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் அறிவிப்பது சென்னைக்குப் புதிதா என்ன?

இந்த 'கையிருப்பு நாள்' என்ற ஒற்றை எண்ணை முதலாளி தெரிந்துவைத்திருந்தால், அடுத்த வேலைகள் தானாக வரிசைக்கு வரும். உள்ளே வரும் குழாயில் ஒரு மீட்டர், சமையலறைக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. பெரிய செலவில்லை. ராத்திரி கடை மூடும்போது ஒருமுறை, காலையில் திறக்கும்போது ஒருமுறை மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆளே இல்லாத ராத்திரி 2 மணிக்கும் மீட்டர் சுற்றுகிறது என்றால் எங்கோ கசிகிறது. மணிக்கு 100 லிட்டர் என்றால் அற்பமாகத் தெரியும். நாளுக்கு 2,400, மாதத்துக்கு 72,000. ஆறு லாரித் தண்ணீர், காசு கொடுத்து வாங்கி மண்ணுக்குள் விடுகிறோம்.

போர்வெல் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பது. மாதம் ஒருமுறை, மோட்டார் ஓடாமல் சில மணி நேரம் விட்ட பிறகு அளக்க வேண்டும். ஒரு மாதக் கணக்கால் ஒன்றும் தெரியாது. மூன்று வருடக் கணக்கை வரிசையாக எழுதிப் பார்த்தால், கோடையில் இறங்கிய மட்டம் மழையில் பழைய இடத்துக்கு ஏறுகிறதா, இல்லை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகிறதா என்பது பளிச்சென்று தெரியும். மற்றொன்று, உப்பின் அளவைச் சொல்லும் டி.டி.எஸ். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் இதுதான் முதல் எச்சரிக்கை மணி. அளவுக்கு மீறி உறிஞ்சியதால் மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் உள்ளே வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மாடியையும் விட்டுவிடாதீர்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. பெய்கிறது. 5,000 சதுர அடி மொட்டை மாடியில் விழுவது ஆறரை லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகப் போனாலும், 12,000 லிட்டர் லாரியில் 43 லாரி! மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமானது. அந்தக் குழாய்கள் பல கட்டடங்களில் இன்று எங்கே போய் முடிகின்றன என்று கட்டடக்காரருக்கே தெரியாது.

சம்பளம் 100, செலவு 80

பெரிய நிறுவனங்கள் இன்று இதற்கென்றே உள்ள வரைபடங்களைப் பார்க்கின்றன. அமெரிக்காவின் உலக வளங்கள் நிறுவனம் நடத்தும் 'அக்வடக்ட்' அதில் பிரபலம். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதன் முக்கியக் கணக்கு குடும்ப பட்ஜெட் மாதிரிதான். ஆண்டுதோறும் இயற்கை கொடுக்கும் தண்ணீர் 100 என்றால், அதில் எவ்வளவை எடுக்கிறோம்? 40-ஐத் தாண்டினால் நெருக்கடி அதிகம். 80-ஐத் தாண்டினால் மிக மிக அதிகம். 100 ரூபாய் சம்பளத்தில் 80 ரூபாய் செலவாகிற வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் என்ன ஆகும்? ஒரு பருவமழை பொய்த்தால் அதேதான் இங்கும். 2019-ல் வெளியான பட்டியலில், மிகக் கடுமையான நெருக்கடியில் இருந்த 17 நாடுகளில் இந்தியாவுக்கு 13-வது இடம்.

ஆனால், இந்த வரைபடம் ஒரு ஆற்றுப்படுகை முழுவதற்குமான நிறத்தைக் காட்டுமே தவிர, உங்கள் காம்பவுண்டுக்குள் போர் போடலாமா என்று சொல்லாது. புதிதாகத் தொழிற்சாலைக்கு ஊர் தேடுபவருக்கு அது உதவும். ஏற்கெனவே கடை போட்டவருக்கு அந்தப் பழைய நோட்டும் மீட்டரும்தான் உதவும்.

எண் என்றாலே உண்மை என்று நம்பிவிடவும் கூடாது. '2020-க்குள் 21 இந்திய நகரங்களில் நிலத்தடி நீர் தீர்ந்துவிடும்' என்று 2018-ல் நிதி ஆயோக் அறிக்கை சொன்னது நினைவிருக்கிறதா? எல்லா மேடையிலும் முழங்கினார்கள். 2020 வந்தது, போனது. நீர் எங்கும் பூஜ்ஜியமாகிவிடவில்லை. மழை நிரப்புவதைவிட அதிகம் எடுக்கிறோம் என்பது வேறு, அடியோடு தீர்ந்துவிடும் என்பது வேறு. முன்னது நிஜமான ஆபத்து. பின்னதைச் சொல்லிப் பயமுறுத்தி, அது பொய்த்த பிறகு முன்னதையும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

திருப்பூர் கொடுத்த விலை

உள்ளே வரும் தண்ணீரை அளந்தால் மட்டும் போதாது என்பதற்குத் திருப்பூரைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. சாயப்பட்டறைகள் வளர்ந்த காலத்தில் சுற்றுவட்டாரக் கிராமக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வந்தது. பிறகு காவிரியிலிருந்து குழாயிலும் வந்தது. வெளியே போன சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, கழிவு தேங்கும் குட்டையானது. கீழே இருந்த விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரி 28 அன்று, சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரே உத்தரவில் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள்! வெள்ளைத் துணி சாயமேறாமல் தேங்கியது. பட்டறையை நம்பியிருந்த குடும்பங்கள் வேலையில்லாமல் நின்றன.

மீண்டும் திறக்க ஒரே வழி, ஒரு சொட்டுக்கூட வெளியேற்றாத முறை. இன்று அங்கே கழிவுநீரை ஆர்.ஓ.வில் வடித்து, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, 90 சதவிகிதத்துக்கும் மேல் தண்ணீரை மீட்கிறார்கள். சாயமேற்றப் போட்ட உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். இதற்குச் செலவு அதிகம். அதனால் ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு வந்தது. ஒரு கிலோ துணிக்கு ஒரு முறைக்கு 15, 20 லிட்டர் குடித்த பழைய வின்ச் மெஷின்கள் போய், 6 முதல் 8 லிட்டரில் முடிக்கும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின்கள் வந்தன. தண்ணீர் மலிவாக இருந்தவரை இந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சென்னை மணலியில் பெரிய ஆலைகள் இதை வேறு விதமாகப் பார்த்தன. நகரத்துக்கே தண்ணீர் இல்லாதபோது தங்களுக்குக் கிடைக்காது என்பதால், 1990-களிலேயே நகரத்தின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தின. 2019 முதல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தினமும் சுத்திகரித்து, தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. மழை பொய்த்தாலும் நகரத்தின் சாக்கடை வற்றாது!

தண்ணீர் கூடிப்போவதும் ஆபத்துதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போக முடியாமல், 1878-ல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ் முதன்முறையாகச் சென்னையில் ஒருநாள் அச்சாகவில்லை. 2023 மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கியது. 2015-ல் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று சுவரில் ஒரு கோடு போட்டு, மோட்டாரையும் ஜெனரேட்டரையும் அதற்கு மேலே ஏற்றிவைப்பதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை.

மூன்றாம் நபர் யார்?

பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 பெரிய நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டு முதல் தண்ணீர்க் கணக்கையும் ஆண்டறிக்கையில் தர வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியிருக்கிறது. ஆறு, ஏரி நீர் எவ்வளவு, நிலத்தடி நீர் எவ்வளவு, கடல் நீர் எவ்வளவு என்று தனித்தனிக் கட்டங்கள். நல்ல விஷயம். அதில் 'மூன்றாம் நபரிடம் பெற்ற தண்ணீர்' என்றும் ஒரு கட்டம் உண்டு. லாரித் தண்ணீர் இதில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நிலத்தடி நீர்க் கட்டத்தில் பூஜ்ஜியம் என்று ஒரு நிறுவனம் பெருமையாக எழுதலாம்; அதன் தொட்டியை நிரப்பும் 20 லாரிகள் ஏதோ ஒரு கிராமத்தின் வயல் கிணற்றிலிருந்து வரலாம். பொய்க்கணக்கு இல்லை. ஆனால் அந்தக் கிராமம் கணக்கிலேயே இல்லை.

லாரி பில்லில் தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது. ஊர் பெயர் இல்லை. டிரைவரிடம் கேட்டு, அந்த ஒரு வரியையும் நோட்டில் சேர்த்து எழுதுங்கள்: எந்த ஊர், எந்தக் கிணறு. தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் நிலையைப் பகுதி வாரியாகக் கணக்கெடுக்கிறார்கள். எடுப்பது 70 சதவிகிதம் வரை என்றால் பாதுகாப்பானது. 90-ஐத் தாண்டினால் அபாயம். 100-ஐத் தாண்டினால் வரம்பு மீறி உறிஞ்சப்பட்டது. ஊர் பெயர் தெரிந்தால் அது எந்தப் பகுதி, எந்தப் பிரிவு என்று பார்த்துவிடலாம். வரம்பு மீறிய பகுதியிலிருந்துதான் உங்கள் லாரி வருகிறது என்றால், அந்தக் கிணற்றையே நம்பியிருக்கும் கடைகள் இன்னும் எத்தனை என்பதையும் அதே டிரைவரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.