குடும்பத்துக்கு ஒரு கியர் கார்

"டீச்சர், ஒங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும்" என்று பள்ளி வாசலில் வந்து நின்றார் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை. செம்பனைக் குலை வெட்டுகிறவர். மகளின் கணக்குப் பாடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "காடி வாங்கணும் டீச்சர். நீங்க வந்து பாத்துச் சொல்லணும்" என்றார்.

என்னிடம் ஏன் வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தை தோட்டத்து லோரி ஓட்டுநர். கிளச்சையும் கியரையும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த நாள் முதல் நான் கியர் கார்தான் ஓட்டுகிறேன். வழியில் நின்றுபோன காரைக் கண்டால் இறங்கி என்னவென்று விசாரிக்கும் பழக்கமும் உண்டு. என் கணவருக்கு அது பிடிப்பதில்லை.

வந்தவரின் நிலைமை இதுதான். அவர் தாயாருக்குச் சிறுநீரகப் பழுது. வாரம் மூன்று நாள், 22 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பட்டணத்தில், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. போய்வர வாடகைக் காருக்கு 40 வெள்ளி. மாதம் 13 முறை என்றால் 520 வெள்ளி. மழை பெய்து செம்மண் பாதை குழம்பிவிட்டால் வாடகைக் காரும் உள்ளே வராது. அப்படி ஒரு நாள் கிழவியை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் மனைவி பிடித்துக்கொள்ளக் கொண்டுபோயிருக்கிறார். "பாதி வழியிலேயே தல சாஞ்சிட்டாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

கையில் இருந்த சேமிப்பு 15,000 வெள்ளி. கடன் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. மாதத் தவணை 400 வெள்ளிதான் என்று விற்பவர் சொல்லும்போது சிறிய தொகையாகத் தெரியும். 60 மாதத்தால் பெருக்கினால் 24,000 அல்லவா? இதைவிட மோசமானது இன்னொருவரின் கடனை நாம் தொடர்ந்து கட்டும் "சம்போங் பாயார்". பதிவு அவர் பெயரில், உரிமை வங்கியிடம், பணம் மட்டும் நம்முடையது. தோட்டப்புறத்தில் இதனால் அழுதவர்கள் ஏராளம்.

"கியரா, ஆட்டோவா?" என்று கேட்டேன். "பட்டணத்துல எல்லாம் ஆட்டோதான் வாங்கறாங்க" என்று இழுத்தார். 1985ஆம் ஆண்டு ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தபோதெல்லாம் கியர் கார் என்று தனியாகச் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. இன்று தேடித்தான் பிடிக்கவேண்டும். 2021 நவம்பரில் புதுப்பித்து வந்த மைவியில் கியர் வகையை எடுத்துவிட்டார்கள். 2023 பிப்ரவரியில் வந்த இரண்டாம் தலைமுறை ஆக்சியாவும் அப்படியே. ஆனால் அதே ஆண்டு ஜூன் மாதம் பழைய உருவத்திலேயே ஐந்து கியர் ஆக்சியா இ, 22,000 வெள்ளிக்கு விற்பனைக்கு வந்தது. அந்த விலைக்கு நம்மவரிடம் பணமில்லை. ஆகவே பழைய காரைத்தான் பார்க்கவேண்டியிருந்தது.

பழைய கார் என்றால் கியர்தான் என்று நான் பிடிவாதமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கிளச் தேய்ந்தால் மாற்ற சில நூறு வெள்ளி ஆகும். பக்கத்துக் கம்பத்துப் போமனே ஒரு நாளில் செய்துவிடுவார். ஆட்டோ கியர்ப்பெட்டி கெட்டால் செலவு ஆயிரங்களில் போகும். அதைத் திறக்கத் தெரிந்தவரையும் தேடவேண்டும். பேட்டரி பலவீனமானால் கியர் காரை நாலு பேர் தள்ளிவிட்டே கிளப்பலாம். மழையில் வழுக்கும் இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை அழுத்தி அழுத்திச் சறுக்கவேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாகப் புறப்பட்டோம். அவர், அவர் மனைவி, நான்.

முதலில் பார்த்தது பட்டணத்துக் கடையொன்றில் பளபளவென்று நின்ற ஒரு மைவி. அவர் மனைவிக்கு அந்த நிறமே பிடித்துப்போயிற்று. நான் முன் இருக்கையின் பாதுகாப்பு வாரை முழுவதுமாக வெளியே இழுத்தேன். கடைசி முழத்தில் காய்ந்த சேற்றின் கறை! கால்மிதியைத் தூக்கினால் இருக்கையின் அடிக்கம்பியில் துரு, மூக்கில் ஈர வாடை. வெள்ளத்தில் மூழ்கிய கார். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா பக்கம் எத்தனை வாகனங்கள் நீரில் கிடந்தன என்பதை நாம் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்டவை எங்கே போய்ச் சேருகின்றன என்று வாங்குகிறவர்தான் யோசிக்கவேண்டும். கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் வந்துவிட்டோம்.

இரண்டாவது ஒரு வீவா, 1000 சிசி. நல்ல கார். சாலை வரி ஆண்டுக்கு 20 வெள்ளிதான். இன்ஜினுக்குள் ஓடுவது பெல்ட் அல்ல, சங்கிலி. குறித்த காலத்தில் மாற்றும் செலவு இல்லை. வாங்கிவிடலாம் என்றே நினைத்தேன். அப்போது அவர் மனைவி பின்கதவைத் திறந்து பார்த்து, "அத்தையோட சக்கர நாற்காலிய எங்க வக்கறது?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. இன்ஜினை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, யாருக்காக வாங்குகிறோம் என்பதை மறந்துபோனேன். பின் இருக்கையை மடக்கினால் நாற்காலி வைக்கலாம்; அப்புறம் பிள்ளைகள் எங்கே உட்காருவது?

மூன்றாவது 2014ஆம் ஆண்டு சாகா, 1.3 லிட்டர், வீட்டுக்காரர் ஒருவர் தாமே விற்பது. கேட்ட விலை 13,500. சாலை வரி 70 வெள்ளி. பின்பெட்டியில் சக்கர நாற்காலியும் அரிசி மூட்டையும் சேர்ந்தே போகும். கிராண்டில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளபடியே இருந்தன. கடன் பாக்கி இல்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பச் சொன்னேன். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கும் வண்டியில் பல குறைகள் மறைந்துவிடும். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். சக்கரப் பக்கம் டக் டக் ஓசை இல்லை. மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கியபோது பல் உரசவில்லை.

கிளச்சில்தான் குறை தெரிந்தது. கைப்பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் போட்டு, கிளச்சை மெல்ல விட்டேன். நல்ல கிளச்சாக இருந்தால் இன்ஜின் உடனே அணைந்துவிடவேண்டும். இது சற்று நேரம் உறுமிக்கொண்டே இருந்துவிட்டுத்தான் அணைந்தது. மேட்டில் ஏற்றும்போதும் சத்தம் கூடிற்று, வேகம் கூடவில்லை. நம்மவர் முகம் வாடிவிட்டது. நானோ மகிழ்ந்தேன்! இன்ன குறை, இன்ன செலவு என்று தெரிந்த கார், குறையே இல்லை என்று சொல்லப்படும் காரைவிட எனக்கு நம்பிக்கையானது. போமனைத் தொலைபேசியில் கேட்டோம்: கிளச் செட்டுக்குக் கூலியோடு 650 வெள்ளி. விற்பவர் நல்ல மனிதர், 700 குறைத்துக்கொண்டார்.

12,800 கொடுத்து வாங்கினார். கிளச் 650. சாகாவின் டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சீட்டு இல்லாததால் அதையும் மாற்றச் சொன்னேன். ஓட்டத்தில் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி இன்ஜினே போய்விடும். அதற்கு 450. டயர் இரண்டு 320. காப்புறுதி 590, சாலை வரி 70. கூட்டினால் 14,880. மிஞ்சியது 120 வெள்ளி. ஒரு 1,000 வெள்ளியாவது கையிருப்பு இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் மருத்துவமனைப் பயணம் மாதம் 572 கிலோமீட்டர்தான். 2025 செப்டம்பர் இறுதியில் வந்த மானிய விலையான லிட்டருக்கு 1.99 வெள்ளிக் கணக்கில், பெட்ரோலுக்கு ஏறக்குறைய 80 வெள்ளி. வாடகைக் காருக்குப் போன 520இல் மீதியைத் தனியே ஒரு டப்பாவில் போடச் சொல்லியிருக்கிறேன். டப்பாவின் மேல் "காடி" என்று எழுதி ஒட்டியது என் மாணவி.

ஒரு விஷயத்தை நான் முன்பே கேட்காமல் விட்டுவிட்டேன். மூத்த மகனுக்கு வயது 19. அப்பாவுக்கு வேலை நாளாக இருந்தால் அவன்தான் பாட்டியைக் கொண்டுபோகவேண்டும். அவனிடம் இருப்பதோ டிஏ உரிமம். அதை வைத்துக்கொண்டு ஆட்டோ மட்டுமே ஓட்டலாம். கியர் காருக்கு டி உரிமம் வேண்டும். இப்போது அவன் மறுபடி பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறான். அதுவரை மூன்று நாளும் தந்தையே விடுப்போ, வேலை மாற்றமோ கேட்டு ஓட்டுகிறார். உங்கள் வீட்டில் கார் பார்க்கப் புறப்படும் முன் பிள்ளைகளின் உரிமத்தை எடுத்துப் பாருங்கள்.

சென்ற வாரம் பாட்டியை முன் இருக்கையில் வைத்துக்கொண்டு பள்ளிப் பக்கம் நிறுத்தினார்கள். கிழவி கண்ணாடியை இறக்கி, "டீச்சரம்மா, இவன் மேட்டுல ஏறயில காடி பின்னால போவுது. பயமா இருக்கு" என்று முறையிட்டார். கைப்பிரேக்கைப் பிடித்து, கிளச் கடிக்கும் இடம் வந்தபின் விடவேண்டும் என்று சொன்னேன். "சொன்னாப் புரியாது டீச்சர், காட்டிக் குடுங்க" என்றார் மகன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, தொழிற்சாலை மேட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.