சிறுநீரகத்தில் அமிலாயிட்: எந்த வகை என்று கேட்டீர்களா?



சிறுநீரக நோய்கள் பற்றிய சென்ற மாத நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு சகோதரி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, இவருக்குச் சிறுநீரகத்தில அமிலாயிட் எண்டு சொல்லிப்போட்டினம். பிள்ளையளுக்கும் வருமோ?" என்று கேட்டார். நான் வைத்தியன் அல்ல, கணக்காளன். அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. பின்னர் வாசித்தும் விசாரித்தும் அறிந்ததை இங்கே தருகிறேன்.

உடலிலுள்ள சில புரதங்கள் வடிவம் பிறழ்ந்து, நுண்ணிய இழைகளாகி உறுப்புகளில் படிவதே அமிலாயிட் நோய். சிறுநீரகத்தில் படிந்தால் சிறுநீருடன் புரதம் வெளியேறும், சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும், நாளடைவில் சிறுநீரகம் செயலிழக்கலாம். பயொப்சி செய்து எடுத்த துணுக்குக்குக் கொங்கோ சிவப்பு என்னும் சாயமிட்டு, முனைவாக்கிய ஒளியில் பார்த்தால் அப்பிள் பச்சை நிறம் தெரியும். படிந்திருப்பது அமிலாயிட் என்று அத்துடன் உறுதியாகும். ஆனால் அது எந்தப் புரதம் என்று சாயம் சொல்லாது. அப்படிப் படியக்கூடிய புரதங்கள் 30க்கும் மேல்.

ஒரு தொகையைப் பிழையான கணக்கில் பதிந்தாலும் பரீட்சை மீதி சமப்படும். பிழை வெளியே தெரியாது. இங்கும் அதே ஆபத்து உண்டு. ஏ.எல். என்ற வகையில், என்பு மச்சையிலுள்ள கலங்கள் சுரக்கும் புரதம் படிகிறது. அதற்குக் கீமோதெரபி கொடுப்பார்கள். பரம்பரை வகையில் பிழை மரபணுவில் இருக்கிறது. சிறுநீரகத்தைத் தாக்கும் பரம்பரை வகைகளில் பிரித்தானியாவில் அதிகம் காணப்படுவது, ஈரலில் உருவாகும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தால் வருவது. இதற்குக் கீமோதெரபி கொடுத்தால் பயனில்லை, பக்க விளைவுதான் மிஞ்சும்.

ஹம்ஸ்ரெட்டிலுள்ள றோயல் பிறீ வைத்தியசாலையில் 1999 முதல் தேசிய அமிலாயிடோசிஸ் நிலையம் இயங்குகிறது. அதன் வைத்தியர்கள், குடும்பத்தில் நோய் இல்லாததாலும் ஏ.எல். வகை என்று கருதப்பட்ட 350 பேரைப் பரிசோதித்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 34 பேருக்கு இருந்தது பரம்பரை வகை. அதாவது ஏறக்குறைய பத்தில் ஒருவர்! அவர்களில் 18 பேருக்கு ஃபைப்ரினோஜன் வகை. அந்த 34 பேரில் 8 பேரின் குருதியில் ஏ.எல். வகையைச் சுட்டும் புரதமும் சிறிதளவு இருந்தது. ஆகவே குருதிப் பரிசோதனை மட்டும் போதாது.

இப்போது லேசரால் அமிலாயிட் படிவை மட்டும் வெட்டியெடுத்து, திணிவு நிறமாலைக் கருவியில் புரதத்தை இனங்காண்கிறார்கள். பரம்பரை வகை என்று சந்தேகம் வந்தால் மரபணுவையும் பரிசோதிக்கிறார்கள்.

சகோதரியின் கேள்விக்கு வருவோம். ஏ.எல். வகை பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை. ஃபைப்ரினோஜன் வகையானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மரபணு போக இரண்டிலொரு வாய்ப்பு உண்டு. மரபணு இருந்தும் நோய் வராதவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் பல குடும்பங்களில் முன்னர் எவருக்கும் வந்ததாகத் தெரிவதில்லை. பிள்ளைகளைப் பரிசோதிக்க முன்னர் மரபணு ஆலோசகரிடம் பேசுவது நல்லது.

நேயர்களே, சிகிச்சை தொடங்க முன்னர் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த வகை அமிலாயிட்? அதை எப்படி உறுதிசெய்தீர்கள்? மரபணுப் பரிசோதனை தேவையா?

சகோதரியிடமும் இதையே சொன்னேன். மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த முறை கணவருடன் அவரும் போகிறாராம்.