ஒரு யந்திரத்துள் பல யந்திரங்கள்

புத்தளத்து உப்பளங்களைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். வாய்க்கால் வழியே வந்து சேரும் நீர் ஒன்றே. வரம்புகள் அதனைப் பல பாத்திகளாகப் பிரிக்கின்றன. ஒரு பாத்தியில் உப்பு வாரப்படும்போது அடுத்ததில் நீர் நிற்கும். ஒன்றில் சேறு கலந்தால் மற்றொன்று கெடுவதில்லை. ஒரு பெரிய கணினியைப் பல கணினிகளாகப் பிரித்து ஆளும் முறையும் ஏறக்குறைய இத்தகையதே. அதனை மெய்நிகராக்கம் என்பர். வரம்பு கட்டும் வேலையைச் செய்யும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அது பிரித்துத் தரும் ஒவ்வொரு பங்கும் தன்னை ஒரு தனிக் கணினியாகவே கொண்டு இயங்கும்.

கற்பிட்டி முதல் சிலாபம் வரை நீளும் கடற்கரையில் ஒரு மருத்துவமனையோ கூட்டுறவுச் சங்கமோ இருப்பதாகக் கொள்க. அங்கே கணக்குக்கு ஒரு கணினி, பதிவேட்டுக்கு ஒன்று, சம்பளப் பட்டியலுக்கு ஒன்று, கடிதப் போக்குவரத்துக்கு ஒன்று என நான்கு பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றும் நாளின் பெரும்பகுதியைச் சும்மா கழிக்கும். ஆனால் மின்சாரம் உண்ணும். இந்நான்கையும் ஒரு நல்ல சேவையகத்துள் அடக்கிவிட்டால் இடமும் செலவும் மிஞ்சும். இலாபத்தோடு ஒரு பயமும் கூடவே வருகிறது. முன்பு ஒரு பெட்டி பழுதானால் ஒரு வேலை நின்றது. இனி அந்த ஒன்று நின்றால் நோயாளியின் பதிவும் நிற்கும், ஊழியரின் சம்பளமும் நிற்கும். ஆதலால் எந்த யந்திரத்தை வாங்குவது என்பது கடைக்காரர் விருப்பத்துக்கு விடத்தக்க காரியமன்று.

பெரும்பாலோர் முதலில் பெட்டியை வாங்கி, அதன்பின் அதற்கேற்ற மென்பொருளைத் தேடுகின்றனர். இம்முறை தலைகீழானது. எந்த ஹைப்பர்வைசர் என்பதை முதலில் தீர்மானித்து, அது எவ்வெவ் வன்பொருளை ஏற்கிறது என்று பார்த்த பின்னரே பணப்பெட்டியைத் திறக்கவேண்டும்.

இந்தப் பொருத்தப் பிரச்சினை தொடக்கத்தில் இருந்ததில்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1960களில் தன் பெருங்கணினிகளில் இம்முறையைப் பரீட்சித்து, 1972இல் வி.எம்.370 என்ற அமைப்பை வெளியிட்டது. யந்திரமும் மென்பொருளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், பிணக்குக்கு இடமில்லை. மேசைக் கணினியின் வழிவந்த மலிவான யந்திரங்களுக்கு இம்முறையைக் கொண்டுவந்தபோதுதான் சிக்கல் பிறந்தது. அவற்றின் செயலி இவ்வேலைக்கென வகுக்கப்பட்டதன்று. 1998இல் தோன்றிய வி.எம்.வெயார் நிறுவனம் அக்குறையை மென்பொருள் தந்திரத்தால் கடந்தது. பின்னர் இன்டெல் நிறுவனம் 2005இலும், ஏ.எம்.டி. நிறுவனம் 2006இலும் செயலிக்குள்ளேயே அதற்கான வசதியை அமைத்தன. இன்று விற்கும் சேவையகச் செயலிகள் யாவற்றிலும் அது உண்டு. எனினும் யந்திரத்தின் அடிப்படை அமைப்புத் திரையில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். முதல்நாள் ஒன்றுமே இயங்கவில்லை என்று முறையிடுவோர் முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுவே.

வி.எம்.வெயார் தன் ஹைப்பர்வைசருக்கு ஏற்ற வன்பொருட்களின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. அதனைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. சேவையகத்தின் பெயர் பட்டியலில் இருக்கக் கண்டதும் திருப்தியடைந்துவிடலாகாது. ஒரே பெயரில் விற்கும் வலையமைப்பு அட்டைகள் இரண்டின் உள்ளே வெவ்வேறு சில்லுகள் இருக்கக்கூடும். அதனால்தான் ஒவ்வோர் அட்டைக்கும் நான்கு அடையாள எண்கள் உள்ளன. அந்நான்கும் பட்டியலோடு ஒத்திருக்கவேண்டும். அட்டையினுள் பதிந்துள்ள நிலைபொருளின் பதிப்பும், அதனை இயக்கும் மென்பொருளின் பதிப்பும் இணையாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்றைப் புதுப்பித்து மற்றதை மறந்தால், பல மாதங்கள் ஒழுங்காக ஓடிய யந்திரமும் ஒருநாள் தடுமாறும்.

இந்தப் பட்டியல் என்றும் நிலைத்திருப்பதுமன்று. 2020இல் அந்நிறுவனம் தன் இ.எஸ்.எக்ஸ்.ஐ. மென்பொருளின் ஏழாம் பதிப்பை வெளியிட்டபோது, லினக்ஸ் வழிவந்த பழைய இயக்கிகளை ஏற்கும் வாயிலை மூடிவிட்டது. சாதாரண மேசைக் கணினிகளில் காணப்படும் ரியல்டெக் வலையமைப்புச் சில்லுகள், ஆர்வலர்கள் தொகுத்த அத்தகைய இயக்கிகளின் தயவிலேயே அதுவரை ஓடிவந்தன. புதிய பதிப்பில் அவை ஊமையாயின. பழைய பதிப்பிலேயே தங்கியவர்களுக்கோ 2022 அக்டோபரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. ஆகவே ஒரு பொருள் இன்று பொருந்துகிறதா என்று மட்டும் கேட்பது போதாது. அடுத்த ஐந்தாண்டும் பொருந்துமா என்றும் கேட்கவேண்டும். கொழும்பில் மலிவாகக் கிடைக்கும் பாவித்த சேவையகங்களை வாங்குவோர் இதனை மிகவும் கவனிக்கவேண்டும். பட்டியலில் உள்ள பழைய சேவையகம், பட்டியலில் இல்லாத புதிய மேசைக் கணினியிலும் மேலானதே. ஆயினும் பட்டியலின் கடைசிப் படியில் நிற்கும் யந்திரத்துக்குக் கொடுக்கும் பணம் பாதி வீண்.

வியன்னா நகரிலிருந்து 2008இல் முதன்முதல் வெளிவந்த புரொக்ஸ்மொக்ஸ் என்ற மற்றொரு ஹைப்பர்வைசரும் உண்டு. லினக்ஸை அடியாகக் கொண்டமையால், லினக்ஸ் அறிந்த வன்பொருளை எல்லாம் அது ஏற்கும். அவ்வளவு தாராளம் இருக்குமிடத்தில் சோதித்தறியும் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுகிறது. பிராட்கொம் நிறுவனம் 2023 நவம்பரில் வி.எம்.வெயாரை வாங்கியபின், ஒருமுறை பணம் கட்டி என்றும் பாவிக்கும் உரிமத்தின் விற்பனையை நிறுத்திச் சந்தா முறையைக் கொண்டுவந்தது. செயலியின் உட்கருக்களை எண்ணிக் கட்டணம். ஒரு செயலிக்குக் குறைந்தது 16 என்று கணக்கு. எட்டு உட்கருக்கள் உள்ள செயலியை வாங்கியவரும் பதினாறுக்கே பணம் கட்டவேண்டும். எனவே செயலியைத் தெரிவதே உரிமச் செலவைத் தெரிவதாகவும் ஆயிற்று. சிறிய நிறுவனங்கள் பல புரொக்ஸ்மொக்ஸை நாடியதில் வியப்பில்லை.

இரண்டு சேவையகங்கள் வாங்குவோர் இரண்டையும் ஒரே செயலிக் குடும்பத்தில் வாங்குவது உத்தமம். இயங்கிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமல் இன்டெல் யந்திரத்திலிருந்து ஏ.எம்.டி. யந்திரத்துக்கு மாற்றுவது நம்பத்தக்க காரியமன்று. நினைவகத்தில் கஞ்சத்தனம் கூடாது. செயலியின் வேகத்துக்கு முன் தீர்ந்துபோவது பெரும்பாலும் அதுவே. தன் பிழையைத் தானே திருத்தும் வகை நினைவகம் வேண்டும். வட்டுக்களில், மின்சாரம் திடீரென நின்றாலும் கையிலுள்ள எழுத்தை முடித்துவைக்கும் சிறு மின்சேமிப்பு உள்ளவற்றையே கொள்ளவேண்டும். வீட்டுப் பாவனைக்கான மலிவான எஸ்.எஸ்.டி. வட்டுக்களில் அது பொதுவாக இராது.

புத்தளக் கரையில் மின்சாரம் திடீரென நிற்பது கற்பனையன்று. 900 மெகாவாட் ஆற்றலுள்ள லக்விஜய அனல் மின் நிலையம் நுரைச்சோலையிலேயே இருக்கிறது. எனினும் 2020 ஆகஸ்ட் 17ஆம் தேதி கெரவலப்பிட்டியில் நேர்ந்த கோளாறு தீவு முழுவதையும் இருளாக்கியது. 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் மறுபடியும் நாடு இருண்டது. அன்றும் நுரைச்சோலை யந்திரங்கள் நின்றன. மீண்டும் முழுமையாக இயங்கச் சில நாட்கள் சென்றன. மின் நிலையத்தின் புகைபோக்கி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருப்பதனால் ஒருவருக்கும் தனிச் சலுகை இல்லை. ஆகையால் யு.பி.எஸ். எனப்படும் மின்காப்புச் சாதனமும் பொருத்தம் பார்த்தே வாங்கப்படவேண்டும். மின்கலம் தீருமுன் ஹைப்பர்வைசருக்குச் செய்தி சொல்லி, மெய்நிகர் கணினிகளை ஒவ்வொன்றாக அடக்கி நிறுத்தச் செய்யும் ஆற்றல் எல்லா யு.பி.எஸ்.ஸுக்கும் இல்லை. ஊமைச் சாதனம் இருபது நிமிடம் தாங்கினாலும், இருபத்தோராவது நிமிடத்தில் நேர்வது அதே விபத்துத்தான். சேவையகத்துக்கு இரண்டு மின்வழங்கிகள் இருந்து இரண்டையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் மாட்டினால், அந்த யு.பி.எஸ். பழுதாகும் நாளில் இரண்டாவதால் பயனில்லை.

எந்தப் பட்டியலிலும் காணப்படாத எதிரி ஒன்று இக்கரையில் உண்டு. அது உப்புக் காற்று. அடுக்களையில் மூடாது வைத்த உப்பு மழைநாளில் கசிவதை எல்லாரும் கண்டிருப்பர். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டும்போது கறியுப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்குகிறது. கடற்கரை இரவுகள் அவ்வளவைத் தாண்டுவது அரிதன்று. சேவையகத்தின் விசிறிகள் இரவும் பகலும் காற்றை உள்ளிழுக்கின்றன. அதனோடு வந்து படியும் நுண்ணிய உப்புத் துகள் ஈரமேறி, செப்புப் பாதைகளையும் அட்டைகளின் தொடுமுனைகளையும் அரிக்கின்றது. சன்னலைத் திறந்துவிட்டு மின்விசிறி வைப்பது பள்ளிக்கூட வகுப்பறைக்கு நல்லது; சேவையக அறைக்குத் தீங்கு. அறை அடைப்பாக இருந்து, உள்ளிருக்கும் காற்றே குளிரூட்டப்பட்டுச் சுழலவேண்டும். யந்திரத்தின் வாயிலில் வெப்பம் 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருப்பது நன்று என்பது பொறியியலாளர் கொண்ட அளவு. ஈரமானி ஒன்று சுவரில் தொங்குவது பெரிய செலவன்று.

இவ்வளவும் செய்த பின்னும் பிரதி வேறிடத்தில் இருக்கவேண்டும். 2023இல் இலங்கை அரச மேகக் கணினி அமைப்பு கப்பம் கேட்கும் தீநிரலால் தாக்குண்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க வழியின்றி அழிந்தன. காலங்கடந்த மென்பொருட் பதிப்பு பாவனையில் இருந்ததும், அக்காலத்துக்குத் தனியான பிரதி இல்லாதிருந்ததும் அப்போது காரணங்களாகக் கூறப்பட்டன.

யந்திரம் வந்திறங்கியதும் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுத்துவிடலாகாது. நினைவகச் சோதனையை ஒரு முழு இரவு ஓடவிடவேண்டும். பின்பு இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு மின்வடத்தையும், அதன்பின் ஒரு வட்டையும் விற்றவர் முன்னிலையிலேயே பிடுங்கிப் பார்க்கவேண்டும். இறுதியாக யு.பி.எஸ்.ஸுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தி, மெய்நிகர் கணினிகள் தாமாகவே அடங்குகின்றனவா என்று கடிகாரத்தை வைத்து எண்ணவேண்டும். ஒவ்வொன்றுக்கும் எடுத்த நேரத்தைக் குறித்து, அக்குறிப்பை அந்தக் கணினியிலன்றி ஒரு கொப்பியில் எழுதி அறையிலேயே வைப்பது வழக்கமாக வேண்டும்.