பழைய காரும் செய்மதி வழிகாட்டியும்

இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் நகருக்குத் தெற்கே அபிங்டன் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்த் தொழிற்சாலையிலே 1962ஆம் ஆண்டு தொடக்கம் 1980ஆம் ஆண்டு வரை எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் செய்யப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அங்கிருந்து வெளிவந்தன. அவற்றுள் முற்பட்டவை இன்று அறுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. எனினும், அவற்றைப் பேணி ஓட்டி மகிழ்வோர் பலர் உளர்.

அக்கார் பிறந்த நாளில், வழி காட்டுவது பக்கத்தில் இருப்பவரின் மடியில் விரித்த தாட்படமே. இன்றோ உள்ளங்கையளவான கருவியொன்று அப்பணியைச் செய்கிறது. அதனைப் பழைய காரிலே பொருத்துவது இரண்டு கம்பிகளை இணைக்கும் எளிய வேலையாகவே தோன்றும். ஆயின், அவ்விரு கம்பிகளையும் அறியாது இணைத்தால், பல்லாண்டுகள் காத்துவந்த வண்டி சில நிமிடங்களில் தீக்கு இரையாகவும் கூடும்.

முதலில், இக்கருவி தொழிற்படும் முறை யாது? பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் அமெரிக்காவின் செய்மதிகள் வலம் வருகின்றன. இவற்றுள் முதலாவது 1978ஆம் ஆண்டில் ஏவப்பட்டது. 24 செய்மதிகள் கொண்ட ஒழுங்கு 1995ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. ஒவ்வொரு செய்மதியும், தன்னிடமுள்ள அணுக் கடிகாரத்தின்படி, தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் வானொலி அலைகளால் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அவ்வலை நிலத்தை வந்தடையச் செக்கனில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்நேரத்தை அளந்து தூரத்தைக் கணிக்கிறது கருவி. நான்கு செய்மதிகளின் தூரம் தெரிந்தால், தான் நிற்கும் இடத்தையும், தன் சொந்தக் கடிகாரத்தின் பிழையையும் ஒருங்கே அறிந்துகொள்ளும். செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும், தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும் என்பதை எண்ணினால், இதன் நுட்பம் விளங்கும்.

இவ்வலைகள் மிக மெலிந்தவை. கண்ணாடியையும் துணிக்கூரையையும் ஊடுருவும். உலோகத் தகட்டை ஊடுருவமாட்டா. திறந்த காரில் இதனால் இடரில்லை. உலோகக் கூரையுள்ள வண்டியிலோ கருவியை முன்கண்ணாடிக்கு அண்மையில் வைத்தல் வேண்டும். எங்கு வைப்பினும், ஓட்டுபவரின் பார்வையை அது மறைத்தலாகாது.

இனி, மின்சாரத்தைக் கவனிப்போம். கார்களில் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு கம்பிகள் ஓடுவதில்லை. பற்றறியின் ஒரு முனை வண்டியின் உருக்கு உடலோடு இணைக்கப்படும். அவ்வுடலே திரும்பிவரும் கம்பியாகப் பயன்படும். இதனைப் புவித்தொடுப்பு என்பர். இக்காலக் கார்களில் உடலோடு இணைவது எதிர்முனை. 1967ஆம் ஆண்டின் பிற்பகுதிக்கு முன் செய்யப்பட்ட எம்.ஜி.பி. கார்களிலோ உடலோடு இணைந்தது நேர்முனை. இவ்வேற்றுமையே எல்லா இடர்க்கும் மூலகாரணம்.

வழிகாட்டிக்கு மின் வழங்கும் செருகியின் நுனி நேர்முனை, பக்கங்கள் எதிர்முனை. அதனை ஏற்கும் குழிப்பின் வெளியுறை வண்டியின் உலோகத்தைத் தொடும் வகையில் பொருத்தப்படுவது வழக்கம். நேர்முனை புவித்தொடுப்புள்ள காரில் அவ்வாறே பொருத்தினால் மின்னோட்டம் தலைகீழாகும், கருவி பழுதாகும். இதை அறிந்த ஒருவர் கம்பிகளை மாற்றி இணைக்கிறார் என வைத்துக்கொள்வோம். அப்போது வெளியுறை மின்னூட்டப்பட்ட எதிர்முனையாகிறது. அதனைத் தாங்கும் உலோகப் பலகையோ நேர்முனை. இரண்டும் தொட்டவுடன் குறுஞ்சுற்று ஏற்படும். உருகியில்லாத கம்பியிலிருந்து மின் எடுக்கப்பட்டிருந்தால், கம்பியே பழுத்துக் காய்ந்து அதன் உறை எரியத் தொடங்கும்.

ஆதலின், குழிப்பை உலோகத்தினின்று முற்றாக விலக்கி, மின்கடத்தாப் பொருளாலான தாங்கியில் அமைத்தல் வேண்டும். கருவிக்குச் செல்லும் வடத்தின் உலோக முனையும் வண்டியுடலைத் தொடலாகாது. ஏனெனில், சாதாரண மாற்றிகளில் உள்வரும் எதிர்முனையும் வெளிச்செல்லும் எதிர்முனையும் ஒன்றே.

மின் எடுக்கும் கம்பியைத் தெரிவதற்கு அதன் நிறம் துணைசெய்யும். பழைய பிரித்தானியக் கார்களில் பழுப்புக் கம்பிக்கு உருகியின் காப்பு இல்லை. பச்சைக் கம்பி உருகி வழியாக வருவது; திறப்பைத் திருப்பினால் மட்டுமே மின் பெறுவது. எனவே பச்சையே தக்கது. ஆனால் அங்குள்ள உருகி 35 அம்பியருக்குரியது. மெல்லிய புதுக்கம்பியை அது காக்காது. வழிகாட்டிக்கு வேண்டியது 12 வோல்ற்றில் ஓர் அம்பியருக்கும் குறைவு. ஆகவே, கம்பி தொடங்குமிடத்திலேயே 3 அம்பியர் உருகியொன்றைத் தனியே சேர்த்தல் இன்றியமையாதது.

முன்னைய உரிமையாளர் எவரேனும் புவித்தொடுப்பை மாற்றியிருக்கவும் கூடும். ஆதலால் வண்டியின் ஆண்டை மட்டும் நம்பாது, பற்றறியின் எம்முனை உடலோடு இணைந்துள்ளது என்பதை நேரிற் பார்த்து, மின்மானியாலும் உறுதிசெய்தல் வேண்டும். அவ்வாறு மாற்ற விரும்புவோர் பற்றறிக் கம்பிகளை இடம்மாற்றுவதோடு நின்றுவிடலாகாது. தைனமோவுக்குப் புது முனைவு ஏற்ற வேண்டும். எரிபற்றுச் சுருளின் இணைப்புகளை மாற்ற வேண்டும். மின்முறைச் சுழற்சிமானி இருப்பின் அதனையும் திருத்த வேண்டும்.

வேலை தொடங்குமுன் பற்றறியின் இணைப்பைக் கழற்றுவது முதல் விதி. அதிலும் உடலோடு இணைந்த முனையையே முதலிற் கழற்ற வேண்டும். மற்றதை முதலிற் கழற்றினால், திருகுச்சாவி உடலைத் தொட்ட கணமே தீப்பொறி பறக்கும்.

இறுதியாக ஒன்று. பழைய காரின் முகப்புப் பலகையில் இட்ட துளை மீண்டும் அடைபடாது. முன்னரே உள்ள திருகுகளில் தாங்கியைப் பூட்டி, பழைய கம்பிகளை வெட்டாது இணைத்தால், வேண்டாத நாளில் யாவற்றையும் கழற்றி, வண்டியை இருந்தவாறே அடுத்தவர் கையில் ஒப்படைக்கலாம். இன்று புதிதாயிருக்கும் வழிகாட்டி சில ஆண்டுகளில் பழசாகிவிடும். அந்தக் காரோ, கவனத்தோடு பேணப்பட்டால், இன்னுமொரு தலைமுறைக்கு ஓடும்.